தனி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றவன், அதனால் கவனம் முதலில் டிரம்ஸ் மேல்தான் போனது. டேவ் பிரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’வில் டிரம்மர் ஜோ மொரெல்லோவின் தனி பிரமாதம். மற்ற இசைத்தட்டுகளில் டிரம்மர் ‘சிஸ் சிஸ்’ என்று தகட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். எப்போது வாசிக்க ஆரம்பிப்பார் என்று காத்திருப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ‘சிஸ் சிஸ்’தான் வாசிப்பு.

1930களின் ஸ்விங் குழுக்கள் ஆடுகிறவர்களுக்காக வாசித்தவை. காலால் மிதிக்கும் பேஸ் டிரம் நான்கு அடிக்கும் ‘தொம் தொம்’ என்று விழும். 1940ஐ ஒட்டி டிரம்மர் கென்னி கிளார்க் தாளத்தை நடத்தும் அந்தப் பொறுப்பைக் காலிலிருந்து எடுத்து வலக்கையில், ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தகட்டில் வைத்தார். டிரம்மில் அடி விழுந்ததும் ஒலி நின்றுவிடும். சிம்பலிலோ ஓர் அடியின் ரீங்காரம் அடங்குமுன் அடுத்தது வந்து சேர்கிறது. தாளம் புள்ளிகளாக இல்லாமல் கோடாக ஓட ஆரம்பித்தது. சும்மாயிருந்த கால், யாரும் எதிர்பாராத இடத்தில் ஒரு ‘தொம்’ போட்டது. வாத்தியக்காரர்கள் அதைக் குண்டு போடுவது என்றார்கள். உலகப்போர்க் காலம் அல்லவா. நியூயார்க் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற கிளப்பில் இந்தப் பாணி உரம்பெற்றது. டிரம்மர் மேக்ஸ் ரோச் அதைச் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் அசுர வேகத்துக்கு எடுத்துப்போனார்.

உங்கள் சிக்கல் மிருதங்கத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். உங்கள் காது சமத்துக்காக, அதாவது தாளம் தொடங்கும் முதல் அடிக்காக, காத்திருக்கிறது. ஜாஸில் இடது கால் ஹை-ஹேட்டை, அதாவது மிதித்தால் மூடிக்கொள்ளும் சிம்பல் ஜோடியை, மூடுவது இரண்டாம், நான்காம் அடிகளில். முதல் அடி பல சமயம் சொல்லாமலே விடப்படும். ஆனால் அதே மிருதங்கம் உங்களுக்கு உதவவும் செய்யும். ஒரு வித்வானைத் தனி ஆவர்த்தனத்தை மட்டும் வைத்தா எடைபோடுகிறோம்? கீர்த்தனைக்கு எப்படிப் போகிறார், எங்கே கையை எடுத்துக்கொள்கிறார் என்றுதானே பார்க்கிறோம்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’டை அப்படிக் கேளுங்கள். 1959 மார்ச்சில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு நியூயார்க் ஸ்டூடியோவில் பதிவானது. டிரம்ஸ் ஜிம்மி காப். ஒன்றரை நிமிடம் ஆகும்போது மைல்ஸ் தன் தனியைத் தொடங்குகிறார். சரியாக அங்கே காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுக்கிறார். அந்த ஒலி டிரம்பெட்டின் முதல் ஸ்வரங்கள் மேல் மெல்லப் படிந்து கரைகிறது. கதவு திறந்தது போல இருக்கும். அதன்பிறகு அவர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. எனக்கு அந்த அடக்கம் பல சாகசத் தனிகளைவிடப் பெரிது.

அடக்கம் அலுத்தால் எல்வின் ஜோன்ஸிடம் போங்கள். அவர் டிரம்ஸ் வாசித்த, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டு, 1964 டிசம்பர் 9இல் ஒரே நாளில் பதிவானது. நான்கடிக்குள் மூன்றுமூன்றாகச் சுழற்றி, எது முதல் அடி என்றே தெரியாமல் அடித்துவிடுவார். எண்ணாதீர்கள், தொலைந்துபோவீர்கள். நான் பலமுறை தொலைந்திருக்கிறேன்.

‘டேக் ஃபைவ்’வையும் திரும்பக் கேளுங்கள். ‘தகிட தக’ என்று பிரூபெக்கின் பியானோ ஐந்தை விடாமல் பிடித்திருப்பதால்தான் மொரெல்லோவால் அவ்வளவு மௌனம் விட முடிகிறது. (அந்தக் குழு 1958இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது, மறுவருடம் இந்தப் பாட்டு. முடிச்சுப்போட ஆசைதான், போடமாட்டேன்.)

பிரஷ் வாசிப்பை, குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றால் டிரம்மைத் தேய்ப்பதை, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் கேட்டபோது பக்கத்து வீட்டில் யாரோ வாசல் பெருக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சந்தேகம். கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா? அதில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த ஒலி காணாமல் போய், சிம்பல் மட்டும் தனியாகச் சிணுங்கும். சிம்பலும் பேஸும் ஒட்டி நடப்பவை. நல்ல ஹெட்ஃபோனில், டிரம்ஸை மறந்துவிட்டு பேஸைப் பின்தொடர்ந்து, ‘சோ வாட்’டை ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.