தாழமுக்கம் வந்தால் அம்மாவின் பிரஷர் குறையுமா?

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி அறிவிக்கும் நாள்களில் தம் தாயாரின் பிரஷரும் குறைந்துவிடுமா, அந்நாள்களில் குளிசையைப் பாதியாக்கலாமா என்று களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். குறையாது, குளிசையிலும் கைவைக்க வேண்டாம்.

ஐயத்துக்கு இடம் தந்தது காற்றுக்கும் குருதிக்கும் பொதுவாக வழங்கும் 'பிரஷர்', அதாவது அமுக்கம், என்ற சொல்தான். அழுத்துதல் எனப் பொருள்படும் 'பிரெமரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து 'பிரெசூரா' பிறந்தது. அதன் வழிவந்ததே ஆங்கிலத்தின் பிரஷர். 14ஆம் நூற்றாண்டில் அது துன்பத்தையும் மனவேதனையையும் குறித்தது. இத்தாலிய அறிவியலாளர் டொரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அமுக்கத்தை அளக்க வழிகண்ட 17ஆம் நூற்றாண்டில்தான் இயற்பியற் பொருளும் சேர்ந்தது. (வேலைப் பிரஷர் என்பதைப் புதுவழக்கு என்று கடிந்துகொள்வோர் அந்தப் பழைய மனவேதனைப் பொருளைக் கவனிக்கலாம்.) இன்று அமுக்கம் என்றால் ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகச் செயற்படும் விசை, வளிக்கும் குருதிக்கும் ரயருக்கும் இதுவே வரைவிலக்கணம்.

வேறுபடுவது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே. வானிலையாளர் வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொள்வதால் கடல்மட்டத்தில் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல், அதாவது 760 மில்லிமீற்றர் பாதரசம், கிடைக்கிறது. கிளினிக் கொப்பியில் மில்லிமீற்றர் பாதரசத்தில் குறித்துள்ள 140/90 என்பதோ சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்துக்கு மேலதிகமாகக் குருதியில் உள்ள அளவு. தாழமுக்கத்தால் காற்றில் 10 ஹெக்டோபாஸ்கல், ஏறத்தாழ 7.5 மில்லிமீற்றர் பாதரசம், குறைந்தாலும், அக்குறைவு உடலுக்கும் கையில் சுற்றிய பட்டிக்கும் ஒன்றாகவே நேர்வதால் அளவீட்டில் தெரியாது. மழைக்குளிரில் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் சற்றுக் கூடவே வாய்ப்புண்டு.

அளக்கும்போது கை இருக்கும் உயரம் இதைவிட முக்கியமானது. பட்டி சுற்றிய மேற்கை இதய மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தாலே அளவீடு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் கூடிவிடும். ஆகவே அம்மாவை ஐந்து நிமிடமாவது முதுகு சாய்த்து அமரவைத்து, கையை மேசைமீது இதய மட்டத்தில் தாங்கி அளவுங்கள்.

மாரியில் உண்மையில் அஞ்ச வேண்டியது குளிசை தீர்ந்துபோவதற்கே. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வெள்ளம் வீதியை மறித்துவிட்டால் கிளினிக்கிற்குப் போக முடியாது. எனவே மழை வலுக்குமுன் கையிருப்பைப் பார்த்து வாங்கி வையுங்கள். அளவீடு தொடர்ந்து குறைவாக இருந்தாலோ, எழும்போது தலைசுற்றினாலோ, நேரத்துடன் குறித்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசையின் அளவை மாற்றுவது அவர் பொறுப்பு.