அரிப்புக் கடலும் ஓர் ஓபராவும்

அன்பின் ஐயா,
மேற்கத்திய இசை நாடகமான ஓபராக்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ என்று எழுதியிருந்தீர்கள். கைப்பேசியில் இரண்டு தடவை கேட்டேன். மொழி விளங்கவில்லை, பாடுகிறவர்கள் கத்துவதாகவே பட்டது. காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் கலை பிடிபடுமா?
ஒரு வாசகி, மல்லாவி

அன்பின் சகோதரிக்கு,

காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், வேண்டியதில் பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அந்தக் கூத்துக்கு எவரும் கதை தெரியாமல் போவதில்லை. ஆரியமாலை மீது காத்தான் கொள்ளும் காதலும் அவன் கழுமரம் ஏறுவதும் முன்பே தெரிந்திருந்தும், அந்த இடத்துக்கு உரிய மெட்டு வரும் கணத்துக்காக விடியும்வரை பாயில் குந்தியிருக்கிறோம். ஓபரா விரும்பிகளும் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டே அரங்குக்குப் போகிறார்கள். நீங்கள் கதையை அறியாமல் கேட்டதுதான் முதல் இடர்.

கத்துவதாகப் பட்டதற்கும் காரணம் உண்டு. ஒலிவாங்கியின் துணையின்றி, ஒரு பெரும் வாத்தியக் குழுவின் ஒலியைத் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடப் பல ஆண்டுகள் பயின்ற குரல் அது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது நெரிபட்டுப் போகிறது. வட்டக்களரியின் அடுத்த கரையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்று உச்சத்தில் பாடிய நம் பழைய கூத்தர்களின் குரலையும் அதே கைப்பேசியில் கேட்டால் அப்படித்தான் இருக்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

இனிக் கதை. பிஸே இசையமைத்த இந்த ஓபரா 1863 செப்டெம்பர் 30 அன்று பாரிஸில் மேடையேறியபோது அவருக்கு வயது 24. களம் பழைய இலங்கையின் ஒரு கடற்கரை. நாதிர், சுர்கா என்ற நண்பர்கள் இருவரும் முன்பு ஒரு கோயிலில் கண்ட ஒரே பெண்மீது மனம்வைத்து, நட்புக்காக அவளைத் துறந்தவர்கள். முத்துக் குளிப்பவர்களைக் காக்கப் பாடி வேண்டும் பூசகியாக, முகத்திரையோடு அந்தக் கரைக்கு வருகிறாள் லெய்லா. அந்தப் பெண் அவளேதான். இந்த ஓபராவுக்குப் பாடல் எழுதிய இருவருக்கும் நம் தீவைப் பற்றிய அறிவு இருந்ததாகத் தெரியவில்லை. பெயர்களில்கூட நம் மண் இல்லை, கதையும் பலவீனமானது. ஆயினும் மன்னார் அரிப்புக் கரையில், பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாட்டருகே நின்று கடலைப் பார்த்தபோது, அங்கே நடந்த முத்துக் குளிப்புகளில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவதற்கென்றே கடல்கட்டிகளை அமர்த்தியிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து லெய்லாவின் பாட்டு எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஆனால் என்னை இந்த ஓபராவுக்குள் இழுத்தது ஒரு புல்லாங்குழல் மெட்டு. முதல் அங்கத்தில் நண்பர்கள் இருவரும் அந்தப் பெண்ணை நினைந்து பாடும் பாட்டில், யாழ் போன்ற ஹார்ப்பின் மீட்டலோடு அது எழுகிறது. சற்று நேரத்தில் லெய்லா திரையோடு வந்திறங்கும்போது அதே மெட்டு திரும்பி வருகிறது. மேடையில் ஒருவரும் அவளை இன்னும் இனங்காணவில்லை. கேட்கும் நம் செவி கண்டுகொள்கிறது. வரவுப் பாட்டைக் கேட்டவுடன், ஆள் களரிக்கு வருமுன்பே ‘இன்னார் வருகிறார்’ என்று சொல்லிப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. எனக்கு இந்த இடம் முதல் தடவையிலேயே பிடித்துவிடவில்லை. பத்தாம் தடவைக்குப் பிறகுதான், அந்தக் குழல் எழுமுன்பே மனம் அதைத் தேடத் தொடங்கியது.

ஆகவே முழு ஓபராவையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நண்பர்கள் பாடும் அந்த ஒரு பாட்டை மட்டும் பத்து நாள், நாளுக்கு ஒரு தடவை கேளுங்கள். அதன்பின் முதல் அங்கம் முழுவதையும், லெய்லா வரும் இடம் எது என்று தேடிக்கொண்டே கேளுங்கள். பிஸே 1875இல், இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன் மேடையேற்றிய ‘கார்மென்’ இதைவிடப் பெரிய படைப்புத்தான். அதை அடுத்த மாதத்துக்கு வைத்திருங்கள். குழல் திரும்பி வரும் இடத்தை நீங்களாகவே கண்டுபிடித்த நாளில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து