பிடிக்காத கட்சிக்குப் போட்ட ஓட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் வசிக்கிறேன். இந்தியக் குடியுரிமைதான் என்றாலும் காமன்வெல்த் நாட்டவள் என்பதால் இங்கே எனக்கு ஓட்டு உண்டு. மனதளவில் தொழிலாளர் கட்சி ஆதரவாளர். ஆனால் 2024-இல் கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தோற்கடிக்க லிபரல் டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போட்டேன். அந்தத் தேர்தலில் வென்ற தொழிலாளர் கட்சித் தலைவர் ஸ்டார்மரின் ஆட்சியைப் பார்த்தபின் மனம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா? எதிர்க்கட்சித் தலைவர்கள் வெளிப்படையாகக் கூட்டணி அமைத்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காதே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தவறே இல்லை. 2010-இல் லிபரல் டெமாக்ரட்டுகள் 23 சதவீத வாக்குகள் வாங்கி 57 இடங்களில் வென்றார்கள். 2024-இல் வாக்கு 12 சதவீதம்தான், இடங்களோ 72. கட்சி தன் பலத்தைச் சில தொகுதிகளில் குவித்தது ஒரு காரணம். உங்களைப் போல் தொகுதி நிலவரம் பார்த்து ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் இன்னொரு காரணம். தொகுதியில் முதலில் வந்தவருக்கே வெற்றி என்ற முறையை மாற்ற 2011 பொதுவாக்கெடுப்பில் வாய்ப்பு வந்தது. வாக்களித்தவர்களில் 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த முறை நீடிக்கும்வரை இப்படி ஓட்டுப் போடுவது வாக்காளரின் உரிமை மட்டுமல்ல, விவேகமும்கூட.

கூட்டணி விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 2015 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி ஒட்டிய சுவரொட்டி நினைவிருக்கிறதா? ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அலெக்ஸ் சால்மண்டின் கோட்டுப் பையிலிருந்து அன்றைய தொழிலாளர் கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட் தலையை நீட்டிக்கொண்டிருப்பார். கூட்டணி எதுவும் கையெழுத்தாகவில்லை. வரக்கூடும் என்ற பேச்சையே ஆயுதமாக்கிவிட்டார்கள்.

ஸ்டார்மரும் லிபரல் டெமாக்ரட் தலைவர் எட் டேவியும் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. 2021 ஜூனில் செஷம் அண்ட் அமர்ஷம் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட்டுகள் வென்றபோது, 2019-இல் 7,000-க்கு மேல் வாங்கியிருந்த தொழிலாளர் கட்சிக்கு விழுந்தவை 622 ஓட்டுகள். அடுத்த ஆண்டு ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல்கள். வேக்ஃபீல்டில் தொழிலாளர் கட்சி வென்றது, லிபரல் டெமாக்ரட் டெபாசிட் இழந்தது. டிவர்டனில் அப்படியே தலைகீழ். எந்தக் கட்சியும் வேட்பாளரை விலக்கிக்கொள்ளவில்லை. தங்களுக்கு வாய்ப்பில்லாத இடத்தில் பெரிதாக மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். மிச்சத்தை மக்களே பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மற்றக் கட்சியின் தலைவர் பிரதமராவதை நினைத்து வாக்காளர் அஞ்சக்கூடாது. 2019-இல் அந்த நிபந்தனை நிறைவேறவில்லை. ஒப்பந்தமில்லாத பிரெக்சிட்டைத் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதை) தடுக்க இடைக்காலப் பிரதமராகத் தயார் என்றார் அன்றைய தொழிலாளர் கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின். லிபரல் டெமாக்ரட் தலைவி ஜோ ஸ்வின்சன் அதை ஏற்கவில்லை. தலைவர்களே ஒருவரையொருவர் நம்பாதபோது தொண்டர்கள் எப்படி ஓட்டை மாற்றுவார்கள்? கென்சிங்டனில் தொழிலாளர் கட்சி வெறும் 150 ஓட்டில் தோற்றது. அங்கே லிபரல் டெமாக்ரட் வாங்கியது 9,000-க்கு மேல். ஸ்வின்சனும் தன் தொகுதியை 149 ஓட்டில் பறிகொடுத்தார். எனக்கு இன்றும் ஆறாத தேர்தல் அது.

ஸ்டார்மர் மீது என் குறை வேறு. 34 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் 411 இடங்கள் கிடைத்தன. கைமாற்றாக வாங்கியதைச் சொந்தச் சம்பாத்தியமாக நினைத்து அவர் ஆண்டார் என்பது என் எண்ணம். 2025 அக்டோபரில் வேல்ஸ் சட்டமன்றத்துக்கான கேர்ஃபிலி இடைத்தேர்தல் அதைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் கட்சியின் கோட்டையாக இருந்த ஊரில் அக்கட்சிக்கு 11 சதவீதம். வலதுசாரி ரிஃபார்ம் கட்சியைத் தடுக்க நினைத்தவர்கள் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியிடம் திரண்டார்கள்.

அடுத்த முறை வேட்பாளர்கள் உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் போடும் துண்டறிக்கைகளில் பட்டை வரைபடம் ஒன்று நிச்சயம் இருக்கும்: "இங்கே அவர்களால் வெல்ல முடியாது" என்று. அந்த எண்கள் உங்கள் தொகுதியின் கடந்த பொதுத்தேர்தல் முடிவா, உள்ளாட்சித் தேர்தல் கணக்கா, நாடு தழுவிய கருத்துக்கணிப்பா என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.