பேப்பர் போடச் சொன்னால்

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியர். பதினோரு வருடமாக ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் வண்டி பாகங்களுக்கான டிசைன் வேலை பார்க்கிறேன். எங்கள் டீமின் வேலை முழுவதும் ஒரே ஒரு வெளிநாட்டு கஸ்டமருக்குத்தான். ஏழு மாதம் முன்பு மார்க்கெட் சரியில்லை என்று எல்லோருக்கும் சம்பளத்தில் 25 சதவீதம் குறைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். போன வாரம் எச்ஆர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ப்ராஜெக்ட் முடிகிறது, நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள். இரண்டு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருகிறோம். இல்லாவிட்டால் டெர்மினேஷன்தான், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது தெரிந்துவிடும்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாதவரத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதம் 31,000 ரூபாய் தவணை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அம்பத்தூரில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு சிறிய டூல் ரூமில் கூப்பிடுகிறார்கள். நான் முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம்தான். நண்பர்கள் போகாதே என்கிறார்கள். சம்பளம் குறைந்தது மனைவிக்கு மட்டும் தெரியும். எங்களோடு இருக்கும் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு லோடு ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்க வைத்தார். பழைய தெருவுக்குப் போனால் இன்றும் எல்லோரிடமும் "என் பையன் இன்ஜினியர்" என்று சொல்லாமல் வரமாட்டார். இத்தனை வருடம் உழைத்தும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் துப்பில்லையே என்ற நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை கெடு என்று எழுதியிருப்பதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னஞ்சலில் "சரி" என்று ஒரு வார்த்தைகூட அனுப்பாதீர்கள். கம்பெனி போர்ட்டலைத் திறந்து ரிசைன் பட்டனை நீங்களே அழுத்துங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்கள். அதுவும் கையெழுத்துதான்.

நீங்களாக விட்டால் அது ராஜினாமா. உங்களுக்குக் கொடுக்க வேலை இல்லை என்று அவர்கள் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பணத்தில் வித்தியாசம் பெரியது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமானாலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பானாலும் சரி, ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதற்கு மேல், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் ஈடாகத் தர வேண்டும். உங்களுக்குப் பதினோரு வருடம். 165 நாள், அதாவது ஐந்தரை மாதம். நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்தால் ஆறரை மாதம். அவர்கள் இரண்டு மாதம் தருகிறோம் என்கிறார்கள். அந்த இரண்டு மாதத்திலேயே உங்கள் நோட்டீஸ் பீரியட் சம்பளமும் அடக்கமா என்று கேட்டீர்களா?

பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டி இதில் சேராது. ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு ராஜினாமா செய்தாலும் அது வரும். அதையும் "பேக்கேஜ்" என்ற பெயரில் கூட்டிக் காட்டினால், அது ஏற்கனவே உங்கள் பணம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காமல் விடுவது. முதலில் சம்பளக் குறைப்பு, அப்புறம் ஆட்குறைப்பு என்ற இந்த வரிசை உங்களுக்கு இரண்டு முறை நஷ்டம் வைக்கிறது. ஈட்டுத் தொகையைக் கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். ஏழு மாதமாக முக்கால் சம்பளம் வாங்கும் உங்களுக்கு அந்தச் சராசரியும் முக்கால்தான். கிராஜுவிட்டியும் கடைசியாக வாங்கிய சம்பளத்தை, முக்கியமாக அடிப்படைச் சம்பளமான பேசிக்கை வைத்துத்தான்: அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்குவார்கள். பேசிக்கில் கை வைத்திருந்தால், நீங்கள் முழுச் சம்பளம் வாங்கிய பத்து வருடத்துக்கும் சேர்த்தே கிராஜுவிட்டி குறையும். அலவன்ஸில் மட்டும் குறைத்திருந்தால் பாதிப்பு குறைவாக இருக்கலாம். இன்று இரவே பழைய பே ஸ்லிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். உங்களுக்கு அப்படி வந்ததா, அல்லது ஒரு மீட்டிங்கில் சொல்லிவிட்டு அடுத்த மாதமே பிடித்துவிட்டார்களா? அறிவிப்பு இல்லாவிட்டால், பழைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள் என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அப்போது நீங்கள் சம்மதக் கடிதம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்றும் தேடுங்கள். அவர்கள் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு முன் உங்கள் ஆஃபர் லெட்டர், இன்கிரிமென்ட் கடிதங்கள், பே ஸ்லிப், அப்ரைசல் முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதை மட்டும். கஸ்டமரின் டிராயிங் எதையும் தொடாதீர்கள், அது வேறு வம்பு.

நிறுவனம் அடுத்து என்ன சொல்லும் என்று தெரியும்: "நீங்கள் இன்ஜினியர், இதெல்லாம் மில் தொழிலாளிக்கான சட்டம்." இது வாதத்துக்குரிய இடம், மறைக்கவில்லை. ஆனால் சட்டம் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, நாள் முழுக்க நீங்கள் செய்யும் வேலையைப் பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை அதன் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. விசிட்டிங் கார்டில் லீட் என்றோ மேனேஜர் என்றோ இருந்தாலும், உட்கார்ந்து மாடல் போட்டு டிராயிங் வெளியிடுவதுதான் உங்கள் வேலை என்றால் நீங்கள் தொழிலாளர் என்று வாதாடலாம். ஆட்களை வேலை வாங்குவதும் லீவ் கொடுப்பதும்தான் முக்கிய வேலை என்றால் கஷ்டம். 2015 ஜனவரியில் டிசிஎஸ் ஆட்குறைப்பு பெரிதாகப் பேசப்பட்ட நேரத்தில், கர்ப்பிணியான ஓர் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2016-ல் தமிழக அரசே, ஐடி ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தெளிவாகச் சொன்னது. இதெல்லாம் இன்னும் நிறைய இன்ஜினியர்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

டெர்மினேஷன் என்றால் அடுத்த கம்பெனியில் தெரிந்துவிடும் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே அனுப்புவது வேறு, வேலை குறைந்து ஆட்குறைப்பு செய்வது வேறு. "ப்ராஜெக்ட் முடிந்ததால் ஆட்குறைப்பு" என்று கடிதத்தில் காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியிலும் அதைக் காட்டலாம். சட்டத்தில் இல்லாத பயத்தைக் காட்டி உங்களிடம் நாலரை மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது கடைசி வரிதான். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் துப்பில்லை என்கிறீர்கள். 1996-ல் பின்னி மில் மூடப்பட்டபோது உங்கள் அப்பா தனக்குத் துப்பில்லை என்று நினைத்திருப்பாரா? பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடி என்று தெருத்தெருவாக ஒரே நாளில் வேலை போனது. பட்டினி இருந்தது, கடன் இருந்தது, பிள்ளைகளின் படிப்பு நின்றது. ஆனால் யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. போனது மில் என்பது எல்லோருக்கும் தெரியும். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை விழுந்தபோது, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் அந்த மாதம் 16 நாள் வேலையில்லா நாள் என்று நிறுவனமே அறிவித்தது. எண்ணூர்க்காரர்களுக்கு வண்டி கட்டத் தெரியாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னார்களா?

உங்களுக்கும் நடந்திருப்பது அதுதான். வெளிநாட்டில் வண்டி விற்கவில்லை, கஸ்டமர் ஆர்டரைக் குறைத்தான். அந்த முடிவு எடுத்த அறையில் உங்கள் பெயரே யாருக்கும் தெரியாது. ஆனால் அது உங்களிடம் வந்து சேரும்போது ஒரு கண்ணாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, உங்களிடம் மட்டும் சொல்லும் செய்தியாக வருகிறது. வெளியே யாரிடமும் பேசாதீர்கள் என்று வேறு சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் தோற்றது நீங்கள் என்று தோன்றிவிடுகிறது. அந்த வெட்கம் இருக்கும்வரை நீங்கள் பக்கத்து சீட்டுக்காரனிடம் "உன்னையும் கூப்பிட்டார்களா, எத்தனை மாதம் சொன்னார்கள்?" என்று கேட்கமாட்டீர்கள். அவனும் கேட்கமாட்டான். நிறுவனம் ஆளுக்கு ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடலாம்.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரலில் பின்னி தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அடுத்த சில வருடங்களில் நிறுவனம் வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அதில்தான் வெளிச்சமானது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த போராட்டம் உடைந்தது அந்தப் பிளவுக்குப் பிறகுதான். உங்கள் டீமில் யார் எந்த காலேஜ், யார் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருக்கிறார், யாருக்கு நல்ல ரேட்டிங் என்ற பேச்சு இப்போது கிளம்பியிருக்கும். தயவுசெய்து அதில் சேராதீர்கள். இன்றே நாலு பேரிடம் பேசுங்கள். நாலு பேர் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டால் எச்ஆரின் குரல் மாறும், இதை நான் திருவொற்றியூர் பக்கம் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. அவருக்கு நெஞ்சு தாங்காது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் வீட்டில் இதைத் தாங்கிப் பழகிய ஒரே மனிதர் அவர்தான். மில் மூடிய பிறகு எந்தக் கடனை முதலில் அடைத்தார், எதைத் தள்ளிப்போட்டார், தண்டல்காரரிடம் வாங்கினாரா வாங்காமல் சமாளித்தாரா, நிலுவைப் பணத்துக்கு எத்தனை நாள் அலைந்தார் என்று உட்கார்ந்து கேளுங்கள். மகன் தன்னிடம் இதை மறைத்தான் என்று பிறகு வேறு யார் வாயாலோ தெரிந்தால்தான் அவர் உடைந்துபோவார்.

பண விஷயம் சுருக்கமாக. தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். 90 நாள் பாக்கி விழுந்துவிட்டால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும், அப்புறம் பேசுவது கஷ்டம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி ஓட்டாதீர்கள், வருட வட்டி 40 சதவீதத்தை ஒட்டி வரும். போனில் வரும் கடன் ஆப் பக்கமே போகாதீர்கள். வேறு வழியில்லை என்றால் நகையை வங்கியில் வையுங்கள். கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மா இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். இந்த வயதில் புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

அம்பத்தூர் வேலைக்குப் போகலாம் என்பது என் கருத்து. நண்பர்கள் அதை இறக்கம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் திரையில் டிசைன் செய்தவர், ஒரு டையை, அதாவது உலோக அச்சை, தட்டிப் பார்த்து எங்கே பிசிறு வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆட்களோடு இரண்டு வருடம் நின்றால், பிறகு எங்கே போனாலும் அவரை அசைப்பது கடினம். ஒரே கஸ்டமரை நம்பி இருந்த கஷ்டத்தை அனுபவித்துவிட்டீர்கள், ஆகவே அவர்களுக்கு எத்தனை கஸ்டமர் என்று கேளுங்கள். பிஎஃப் உண்டா என்றும் கேளுங்கள். பேசிக் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே சேர்வதற்காக இங்கே அவசரமாக ராஜினாமா செய்தால் மேலே சொன்ன ஈடு முழுவதும் போய்விடும். பதினைந்து நாள் அவகாசம் கேளுங்கள். சிறிய பட்டறை முதலாளிகள் நிலைமையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை நேரில் எதுவும் பேச வேண்டாம். வியாழக்கிழமை மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, வேலை இல்லை என்றால் காரணத்தையும் எனக்குச் சேர வேண்டிய தொகையின் முழுக் கணக்கையும் எழுத்தில் தாருங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்ல எனக்கு அவகாசம் வேண்டும். இவ்வளவு போதும், ஒரு வார்த்தை கோபம் வேண்டாம். உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போடுங்கள். சனிக்கிழமை காலை ஆஃபர் லெட்டரையும் பே ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நண்பரிடம் நானே அழைத்துப் போகிறேன். டீமில் வேறு யாராவது வர விரும்பினால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்.