கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) விவரங்களை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குப் புரியும்படி கொடுப்பது எப்படி?

நீங்கள் ஏதோ ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறீர்கள், புது வெப்சைட் போடும் யோசனையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். தகவலுக்குப் பஞ்சமில்லை, அது அலுவலகவாரியாகச் சிதறிக் கிடக்கிறது. சேர்க்கை ஓரிடம், நிதியுதவி ஓரிடம், பாட ஆலோசகர் வேறிடம். படித்த பெற்றோர் அதை வரிசைப்படுத்திச் சொல்லிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தேதி வரிசையில் ஒரே பக்கம் வேண்டும்.

முதலில் பணம். மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். 3 யூனிட் பாடம் 138 என்று பெருக்கியே போடுங்கள். பிராமிஸ் கிராண்ட் என்ற மாநிலச் சலுகை கிடைத்தால் இந்தக் கட்டணம் தள்ளுபடி, புத்தகமும் பார்க்கிங்கும் கைக்காசு என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். வெறுமனே "இலவசம்" என்று போட்டால் முதல் பில்லிலேயே நம்பிக்கை போய்விடும்.

ஃபாஃப்சா என்ற மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பத்தில் பலர் தடுமாறி நிற்கும் இடம் பெற்றோரின் ஆன்லைன் கணக்கு. பெற்றோர் விவரம் தேவைப்படும் மாணவருக்கு, அவர்களும் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் தொடங்கலாம். சரிபார்ப்பு இழுக்கலாம் என்பதால் அதை முந்தைய வாரத்து வேலையாகப் போடுங்கள். ஆவணமில்லாத மாணவருக்கு ஃபாஃப்சா கிடையாது, கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம்தான். கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு செப்டம்பர் 2 இருக்கிறது. இந்த இரண்டாவது தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அடுத்தது "முழுநேரம்" என்ற சொல். நிதியுதவிக் கணக்கில் அது 12 யூனிட். இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு வேண்டியது 60. நான்கு செமஸ்டர் 12 எடுத்தால் 48தான் சேரும். எல்லாரையும் 15 எடுக்கச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள்; வேலைக்குப் போகிற பிள்ளைக்கு 9 கூடப் பாரம்தான். கணக்கைக் காட்டினால் அவர்களே முடிவெடுப்பார்கள்.

பாடத்தை விடுவது பற்றி ஏனோ யாரும் உரக்கச் சொல்வதில்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நம்பி எஃப் (தோல்வி) வாங்குகிறார்கள். காசு திரும்ப ஒரு தேதி, டபிள்யூ (பாடத்தைப் பாதியில் விட்டதாக மதிப்பெண் பட்டியலில் வரும் குறி) விழாமல் விட ஒரு தேதி, டபிள்யூவோடு விட ஒரு தேதி: மூன்றையும் பாடவாரியாக வையுங்கள், குறுகிய காலப் பாடங்களுக்கு அவை மாறும். டபிள்யூ சராசரியைக் குறைக்காது, ஆனால் எடுத்த யூனிட்டில் பொதுவாக 67 சதவீதம் முடிக்க வேண்டும் என்ற நிதியுதவி விதியில் முடிக்காததாகவே எண்ணப்படும்.

நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் (டிரான்ஸ்ஃபர்) நோக்கம் உள்ளவருக்கு, எந்தப் பாடம் அங்கே எதற்குக் கணக்காகும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தை முதல் செமஸ்டரிலேயே காட்டுங்கள். சில பாடங்களின் யூனிட் அங்கே போய்ச் சேரும், ஆனால் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) கணக்காகாது. அந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வருஷமே வீணாகிறது.

"ஆஃபீஸ் ஹவர்ஸ்" என்றால் பேராசிரியரின் வேலை நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. "சந்தேகம் கேட்க வரலாம்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கேட்காததையும் சொல்கிறேன்: பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தாலும், ஆன்லைன் வீட்டுப்பாடத்துக்கு ஒரே ஒருவர் பயன்படுத்தும் ஆக்சஸ் கோடைப் புதிதாக வாங்க வைப்பது பகல் கொள்ளை. புத்தகச் செலவில்லாத வகுப்புகளுக்கு அட்டவணையில் குறியிடச் சட்டமே இருக்கிறது. அந்தக் குறி என்னவென்று உங்கள் பக்கத்தில் விளக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் லேப்டாப் அல்ல, போனைக் கொடுத்து, டபிள்யூ விழாமல் விடக் கடைசி நாளைத் தேடச் சொல்லுங்கள். மூன்று நிமிஷத்தில் கிடைக்காவிட்டால் பக்கத்தைத் திருத்துங்கள்.