ரெண்டு டிகிரி, அஞ்சு வருஷம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகன் எஸ்டிபிஎம் (யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கு முன்னாடி மலேசியாவுல எழுதற பரீட்சை) எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கான். அவனுக்கு கெமிஸ்ட்ரின்னா உயிரு, அவங்க அப்பா இஞ்சினியரிங்தான் படிக்கணும்ங்கறாரு. கல்விக் கண்காட்சியில ஒரு ஏஜெண்ட், ஆஸ்திரேலியாவுல ரெண்டையும் சேர்த்து அஞ்சே வருஷத்துல முடிச்சிடலாம்னு சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் அரைகுறையா போயிடாதா? (ஒரு தாய், பிறை, பினாங்கு)

பதில்: அம்மா, ஏஜெண்ட் சொன்னது பொய் இல்ல. அங்க இஞ்சினியரிங் 4 வருஷம், சயின்ஸ் 3 வருஷம், தனித்தனியா படிச்சா 7 வருஷம், சேர்த்துப் படிச்சா பெரும்பாலும் 5. எப்படி முடியுதுன்னு கேட்டீங்கன்னா, அங்க இருக்கற மோனாஷ் யூனிவர்சிட்டி கணக்கையே பாருங்க, படிக்கற பாடத்தை பாயிண்ட்ல அளப்பாங்க, ஒரு வருஷத்துக்கு 48 பாயிண்ட், இஞ்சினியரிங் மட்டும்னா 192, சயின்ஸ் மட்டும்னா 144, கூட்டினா 336 வரணும், ஆனா சேர்த்துப் படிக்கறவங்களுக்கு 240தான். மிச்சம் 96 எங்க போச்சுன்னா, மேத்ஸ், பிசிக்ஸ் மாதிரி ரெண்டு பக்கமும் வேண்டிய பாடத்தை ஒரே தடவ படிச்சா ரெண்டுக்கும் சேத்துக்குவாங்க, அப்புறம் இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம்னு விட்டுவச்ச இடமெல்லாம் இன்னொரு டிகிரி பாடத்தால நிரம்பிடும். அதனால அரைகுறைன்னு சொல்ல முடியாது, ஆனா மூச்சுவிட இடம் இருக்காது, அதுதான் உண்மை. மூணாவது வருஷம்தான் ரொம்ப நெருக்கும், ஒரு பக்கம் லேப் ரிப்போர்ட், இன்னொரு பக்கம் டிசைன் ப்ராஜெக்ட், ரெண்டு ஃபேக்கல்டி டைம்டேபிளும் ஒண்ணோட ஒண்ணு முட்டும், இதுக்கு நடுவுல லீவுல கம்பெனி ட்ரெய்னிங் வேற போகணும்.

ஆனா உங்க கடிதத்துல எனக்குக் கவலையா இருக்கறது பாடச்சுமை இல்லம்மா. அப்பாவுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணுன்னு வீட்டுச் சண்டைய தீக்கறதுக்காக இந்தப் படிப்ப எடுக்கறீங்களோன்னு தோணுது. அப்படி எடுக்கவே எடுக்காதீங்க. அஞ்சு வருஷமும் பாதி நேரத்தை அவன் அப்பாவுக்காகத்தான் படிப்பான், அந்தப் பாதிதான் அவன கீழ இழுக்கும்.

எப்ப எடுக்கலாம்னு என் வேலையில இருந்தே ஒண்ணு சொல்றேன். நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு சிப் ஃபேக்டரியில இருபது வருஷத்துக்கு மேல இஞ்சினியரா இருந்தவன். சிப்புல தங்கக் கம்பி ஒட்டுவோம், 25 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியில பாதிகூட கிடையாது, அதோட நுனிய உருண்டையாக்கி அலுமினியம் மேல அழுத்தி ஒட்டணும். ஒரு சமயம் ஹீட் டெஸ்ட் முடிச்சு வந்த பீஸ்ல எல்லாம் கம்பியத் தொட்டாலே உருண்டை கழண்டு வந்துச்சு. நாங்க இஞ்சினியருங்க எல்லாம் மெஷின் கிட்டயே நின்னோம், அழுத்தத்தைக் கூட்டினோம், அல்ட்ராசோனிக் பவரை மாத்தினோம், மூணு வாரம் போச்சு, ஒண்ணும் சரியாகல. அப்புறம் லேப்ல இருந்த ஒரு சீனியர் அக்கா, கெமிஸ்ட்ரி படிச்சவங்க, ஒரு பீஸை குறுக்கால அறுத்து பாலிஷ் பண்ணி மைக்ராஸ்கோப்ல வச்சு என்னைக் கூப்ட்டு காட்டினாங்க. தங்கமும் இல்ல, அலுமினியமும் இல்ல, நடுவுல கத்தரிப்பூ கலர்ல ஒரு படலம், அதுக்குப் பக்கத்துல பொடிப்பொடியா ஓட்டைங்க. சூட்டுல தங்கமும் அலுமினியமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறுது தம்பி, ஆனா ரெண்டும் ஒரே வேகத்துல ஊறாது, வேகமா போறது விட்டுட்டுப் போன இடத்துலதான் ஓட்டை விழுதுன்னாங்க. அன்னிக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சது, அழுத்தத்துல இல்ல விஷயம், சூட்டுலயும் அதுல எவ்ளோ நேரம் வைக்கறோம்ங்கறதுலயும் இருக்கு. எப்படின்னு எனக்குத் தெரியும், ஏன்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டும் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மூணு வாரம் மிச்சம்.

அதனால ரெண்டு டிகிரின்னா, ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். உங்க மகனுக்கு கெமிஸ்ட்ரி உயிருன்னா அதுகூட கெமிக்கல் இஞ்சினியரிங், இல்லன்னா மெட்டீரியல்ஸ் இஞ்சினியரிங் எடுத்தா அஞ்சு வருஷத்துக்கும் அர்த்தம் இருக்கு. அப்பா சொன்னார்ங்கறதுக்காக கெமிஸ்ட்ரிகூட சிவில் எடுத்தா ரெண்டும் தண்டவாளம் மாதிரி தனித்தனியா ஓடும். அவன்கிட்டயே கேளுங்க, எஸ்டிபிஎம்ல எந்த எக்ஸ்பெரிமெண்ட் உனக்கு ரொம்பப் பிடிச்சதுன்னு. ஏன் அப்படி ஆச்சுன்னு பேசிட்டே போறானா, இதை வச்சு என்ன செய்யலாம்னு பேசறானா, ரெண்டையும் பேசறானா, அம்மா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

காசு விஷயம். அஞ்சாவது வருஷம்னா ஃபீஸும் வீட்டு வாடகையும் சாப்பாடும் இன்னொரு முழு வருஷத்துக்கு. அந்த ஊர் பிள்ளைங்களுக்கு இருக்கற அரசாங்கக் கடன் நம்ம பிள்ளைங்களுக்குக் கிடையாது, நம்ம அரசாங்கம் குடுக்கற பிடிபிடிஎன் படிப்புக் கடன் உள்நாட்டுல படிக்கறவங்களுக்குத்தான். வீட்டை அடமானம் வைக்கற நிலைமை வந்தா வேணாம்மா. உங்க வீட்டுல இருந்து நிபோங் திபால் ஒண்ணும் தூரமில்ல, யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இஞ்சினியரிங் கேம்பஸ் அங்கதான் இருக்கு, மெட்டீரியல்ஸ், கனிமவள இஞ்சினியரிங்குக்குன்னு தனித் துறை வச்சிருக்காங்க, அந்தப் படிப்புக்குள்ளயே கெமிஸ்ட்ரி நிறைய வரும். ஒரே டிகிரிதான், ஆனா உங்க மகன் தேடறது அதுலயே கிடைக்கலாம். அவங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் பாருங்க, அவரும் கேக்கட்டும்.

கேள்வி: அண்ணே, ரெண்டு டிகிரி வாங்கிட்டு வந்தா இங்க இஞ்சினியர்னு பதிஞ்சுக்க முடியுமா? சயின்ஸ் கலந்துட்டதால பிரச்சினை வருமா? (மாணவி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: சயின்ஸ் கலந்தது பிரச்சினையே இல்ல தங்கச்சி, அந்த இஞ்சினியரிங் டிகிரி அங்கீகாரம் பெற்றதாங்கறதுதான் கேள்வி. வாஷிங்டன் அக்கார்ட்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, 1989ல ஆரம்பிச்சப்பவே ஆஸ்திரேலியா அதுல இருக்கு, மலேசியா 2009ல முழு உறுப்பினர் ஆச்சு, அதனால அந்த ஊர்ல அங்கீகாரம் வாங்கின படிப்பை இங்கயும் மதிப்பாங்க. மலேசிய இஞ்சினியர்கள் வாரியத்துல முதல்ல பட்டதாரி இஞ்சினியரா பதியணும், அனுபவமும் தேர்வும் எல்லாம் அப்புறம். ஆனா பேரைப் பாத்து ஏமாறாதீங்க, யூனிவர்சிட்டி பேரு பெருசா இருந்தா போதாது, நீங்க எடுக்கற அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. மெல்பர்ன் யூனிவர்சிட்டி மாதிரி இடத்துல 2008ல இருந்து வழியே வேற, முதல்ல 3 வருஷம் சயின்ஸ், அப்புறம் 2 வருஷம் இஞ்சினியரிங் மாஸ்டர்ஸ், அங்க முதல் 3 வருஷத்தோட நிறுத்திட்டு வந்தீங்கன்னா உங்க கையில இருக்கறது சயின்ஸ் டிகிரி மட்டும்தான்.

கேள்வி: அண்ணே, நான் பெர்த்ல மெக்கானிக்கல், சயின்ஸ் ரெண்டும் சேர்த்துப் படிக்கறேன், ரெண்டாவது வருஷம். போன செமஸ்டர்ல ரெண்டு பாடம் போச்சு. வீட்டுல சொல்லல. ஒண்ணை விட்டுடலாமா? (மாணவன், சொந்த ஊர் ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: தம்பி, முதல்ல வீட்டுக்கு ஃபோன் போடு. இன்னிக்கே போடு. ரெண்டு பாடம் போனது அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா நீ அங்க தனியா அதை சுமந்துட்டு இருந்தேன்னு பின்னாடி தெரிஞ்சா அதைவிட நொறுங்கிப் போவாங்க.

ஒண்ணை விடறது தோல்வி இல்ல. பல யூனிவர்சிட்டியில ரெண்டுல ஒண்ணை மட்டும் முடிச்சு வெளிய வர வழி இருக்கு, படிச்ச பாடத்துல நிறைய கணக்குல சேரும். ஆனா உன் ஸ்டூடண்ட் விசா அந்தப் படிப்பு மேல நிக்குது, அதனால கோர்ஸ் அட்வைசரையும் இண்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீசையும் பாக்காம ஃபார்ம்ல கைய வைக்காதே. போறப்ப ஒரு பேப்பர்ல ரெண்டு வருஷ பாடத்தையும் எழுதி, எதைப் படிக்கறப்ப நேரம் போனது தெரியலையோ அதுக்கு மட்டும் ஒரு கோடு போட்டு எடுத்துட்டுப் போ. என்ன முடிவாச்சுன்னு எனக்கும் எழுது, காத்திருக்கேன்.