ஏற்காட்டின் உயரம் ஹார்டு டிஸ்க்கைக் கெடுக்குமா?

கேள்வி: வணக்கம் சார். ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. 10 வருடக் கணக்குகள், கூலிப் பட்டியல்கள், மறைந்த என் அப்பா எடுத்த புகைப்படங்கள் எல்லாம் 1 டெராபைட் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில்தான் உள்ளன. வேறு நகல் கிடையாது. வாரம் ஒருமுறை அதை லேப்டாப்பில் செருகியபடியே பையில் போட்டு, சேலத்தில் இருக்கும் ஆடிட்டரிடம் எடுத்துப் போவேன். ஒரு மாதமாக டிஸ்க் ரொம்ப மந்தம். 4 ஜிபி வீடியோ ஒரு நிமிடத்தில் லேப்டாப்புக்கு வந்துவிடுகிறது. அதைவிடக் குறைந்த இடம் பிடிக்கும் 12,000 ரசீதுப் படங்களை எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. இரண்டு முறை ‘டக், டக்’ என்று சத்தமும் கேட்டது. மலை மேல் காற்று குறைவு, அதனால்தான் டிஸ்க் கெடுகிறது என்கிறார் நண்பர் ஒருவர். நிஜமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இதைப் படிக்கும்போது அந்த டிஸ்க் செருகியிருந்தால் முதலில் கழற்றி மேசை மேல் வையுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம். சேலத்தில் 20 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த வரி ‘வேறு நகல் கிடையாது’ என்பதுதான். உயரத்தைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஆனாலும் நண்பர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. டிஸ்க்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத்தில் செய்த வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேலே கோபால்ட் கலந்த மெல்லிய காந்தப் பூச்சு. உங்களுடையதைப் போன்ற சின்ன வெளி டிஸ்க்கில் இருப்பது இரண்டரை அங்குல வகை. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். தட்டின் விளிம்பு போகிற வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 65 கிலோமீட்டர் வருகிறது. நம் மலைப்பாதையில் கார்கூட அந்த வேகத்தில் ஏறாது. இந்தத் தட்டின் மேல் எழுதுவதும் படிப்பதும் ஹெட் என்கிற மிகச் சின்ன உறுப்பு. பழைய இசைத்தட்டு முள்ளைப் போல அது தட்டைத் தொடுவதில்லை, மிதக்கிறது. சுழலும் தட்டு தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடும் காற்றுதான் அதைத் தாங்குகிறது. இடைவெளி சில நானோமீட்டர், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காபித் தூளில் ஒரு துகள் அந்த இடைவெளியில் வந்தால் மலை உருண்டு வந்த மாதிரி.

ஆக, காற்று ரொம்ப மெலிந்தால் ஹெட் தாழும், தட்டில் உரசும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் உயர வரம்பு ஒன்றைச் சொல்கிறார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அது 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 சதவீதம் இருக்கும், ஹெட்டுக்கு அது தாராளம். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதுவும் வரம்புக்குள்தான் வருகிறது. 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்தில் குடியிருந்தால் நண்பர் சொன்னதை நானும் சொல்லியிருப்பேன்.

சரி, மந்தத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல் அந்த வீடியோ, ரசீது ஒப்பீடுதான்.

தட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. அவற்றை டிராக் என்கிறோம். ஒவ்வொரு டிராக்கும் செக்டார் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டார் 512 பைட், இப்போது பெரும்பாலும் 4,096 பைட். காந்தம் எந்தத் திசையில் ஏறியிருக்கிறது, அது எங்கே மாறுகிறது என்பதை வைத்துத்தான் 0, 1 படிக்கப்படுகிறது. ஒரு ஃபைல் வேண்டுமென்றால் ஹெட் சரியான டிராக்குக்கு நகர வேண்டும். அப்புறம் வேண்டிய செக்டார் சுற்றி ஹெட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆடிப் பண்டிகையில் ஓடும் குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓரமாக நிற்கிறீர்கள், உங்கள் பிள்ளை உட்கார்ந்த குதிரை கண் முன்னே கடந்துவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 5,400 சுற்று டிஸ்க்கில் ஒரு முழுச் சுற்று 11 மில்லிசெகண்ட், சராசரியாக அதில் பாதி காத்திருக்க நேரிடும். ஹெட் நகரும் நேரம் சுமார் 12 மில்லிசெகண்ட். இரண்டும் சேர்ந்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் நொடிக்கு 60 தடவைக்கு மேல் அதனால் ஓட முடியாது.

வீடியோ ஒரே பெரிய ஃபைல். பெரும்பாலும் அடுத்தடுத்த செக்டார்களில் வரிசையாகக் கிடக்கும். ஹெட் ஒருமுறை போய் உட்கார்ந்தால் நொடிக்கு 100 எம்பி அளவில் அள்ளிக் கொடுத்துவிடும், 4 ஜிபி ஒரு நிமிடத்துக்குள் முடிவது சரியே. 12,000 ரசீதுகள் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் ‘எங்கே இருக்கிறது’ என்ற பட்டியலை ஒருமுறை பார்த்து, பிறகு அந்த இடத்துக்குப் போய், சில சமயம் துண்டுபட்டுக் கிடந்தால் இன்னொரு இடத்துக்கும் போக வேண்டும். ஃபைலுக்கு மூன்று ஓட்டம் என்று வைத்தால் மொத்தம் 10 நிமிடம்.

அந்த 10 நிமிடம் டிஸ்க்கின் இயல்பு. நீங்கள் சொல்வது அரை மணி நேரம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு ஃபைலையும் சோதித்தால் கொஞ்சம் நேரம் கூடும். ஆனால் ஒரு மாதமாகத்தான் மந்தம் என்கிறீர்கள், சத்தமும் கேட்டிருக்கிறது. எனக்குத் தோன்றுவது, ஏதோ சில செக்டார்கள் நலிந்திருக்கின்றன என்பதுதான். முதல் முறை சரியாகப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிடாது. அடுத்த சுற்றில் மறுபடி, அதற்கடுத்த சுற்றில் மறுபடி என்று முயலும். நமக்கு அது மந்தமாகத் தெரிகிறது.

‘டக், டக்’ இன்னும் கவலைக்குரியது. தட்டு முழுவதும் தொழிற்சாலையிலேயே எழுதிய வழிக்குறிகள் உண்டு. நம் கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதி வைத்த பலகைகளைப் போல. எந்த டிராக்கில் இருக்கிறோம் என்று ஹெட் அவற்றைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அவை தெரியாமல் போனால் ஓய்வு இடத்துக்குத் திரும்பி, மறுபடி கிளம்பித் தேடும். நீங்கள் கேட்டது அந்தப் போக்குவரத்தின் சத்தமாக இருக்கலாம்.

ஆனால் டிஸ்க் நன்றாக இருந்தும் இதே சத்தம் வர ஒரு காரணம் உண்டு: மின்சாரம் போதாமை. தட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில்தான் டிஸ்க் அதிக மின்சாரம் கேட்கும். நைந்த கேபிளோ, பலவற்றைச் செருகிய யூ.எஸ்.பி. ஹப்போ அதைத் தராது. எனவே முதலில் வேறு நல்ல கேபிள், குட்டையானதாக. லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள். பழுதான டிஸ்க் என்று என்னிடம் வந்தவற்றில் கேபிளை மாற்றியதும் அமைதியாக ஓடியவை பல உண்டு.

புதுக் கேபிளிலும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தரவு மீட்பதற்கென்றே இருக்கும், தூசியில்லா அறை உள்ள நிறுவனத்திடம் கொடுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் சாதாரணக் கடை மேசையில் டிஸ்க்கைத் திறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், இடைவெளி எவ்வளவு என்று மேலே சொன்னேன். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சத்தம் இல்லாவிட்டால் உடனே நகலெடுங்கள். அப்பாவின் படங்கள் முதலில், பிறகு கணக்குகள், கடைசியில் வீடியோக்கள். நகலெடுத்து முடியும்வரை விண்டோஸ் ‘டிஸ்க்கில் பிழை, சரிசெய்யவா?’ என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அப்படிச் சரிசெய்ய விட்டு, நலிந்த டிஸ்க் இரவு முழுக்க ஓடி, காலையில் அடியோடு படுத்துவிட்டது. அவருடைய டிசைன்களில் பாதியைக்கூட என்னால் மீட்க முடியவில்லை. இன்றும் எனக்கு வருத்தம்தான். நகலெடுப்பது நடுவில் திரும்பத் திரும்ப நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி தெரிந்தவரிடம் கொடுங்கள். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கடினமானதைக் கடைசிக்கு வைக்கும்.

நகல் கைக்கு வந்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்புகளை அது காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் போதும். 05 என்பது ஏற்கெனவே கெட்டு, உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள். சி5 படிக்கத் திணறி, தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. பின் இரண்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமாக இல்லையென்றாலும் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

பயணத்தைப் பற்றி ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளால் மட்டும் டிஸ்க் கெடாது. நிறுத்திய டிஸ்க்கில் ஹெட் தட்டைவிட்டே விலகி, ஓரத்தில் இருக்கும் சரிவு மேடையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்போது நல்ல குலுக்கலையும் தாங்கும். ஆனால் நீங்கள் செருகியபடியே பையில் போடுகிறீர்கள். லேப்டாப் முழுதாகத் தூங்காமல் இருந்தால் தட்டு சுழன்றுகொண்டே மலை இறங்கும். ஹெட் காற்றில் மிதக்கும்போது விழுகிற அடி வேறு. இனி ‘பாதுகாப்பாக நீக்கு’ கொடுத்து, கழற்றி, தட்டு நிற்க 10 நொடி விட்டு, துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மார்கழி மாதக் குளிரில் கிளம்பி சேலத்தின் வெக்கையில் இறங்கியதும் உடனே செருக வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும், டிஸ்க்கில் காற்று போய்வரச் சின்ன வடிகட்டித் துளையும் உண்டு. அரை மணி நேரம் விட்டுச் செருகுங்கள்.

புதிதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று தோட்டத்து வீட்டில், ஒன்று சேலத்தில். விலை குறைந்த வெளி டிஸ்க்குகள் பலவற்றில் டிராக்குகள் நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி இருக்கும். நடு ஓட்டை மாற்ற மேல் ஓடுகளையும் எடுத்து அடுக்குவது போல, பெரிய நகல் எடுக்கும்போது பாதியில் வேகம் விழும். அது பழுது இல்லை, பயப்படாதீர்கள்.

அந்த மூன்று வரிகளிலும் என்ன எண் இருந்தது என்று எழுதுங்கள். பழைய டிஸ்க்கை அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.